பகா எண்களும் காரணிகளை எண்ணுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும், அரசுத் தேர்வுக்குப் படிக்கும் சிலருக்கும் கணக்குச் சொல்லித் தருகிறேன். காரணிகள் பாடம் வந்ததும் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் கேட்கும், முப்பது வயதுக்காரரும் கேட்பார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். கரும்பலகையில் எழுதி எழுதி அழித்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

காரணி என்றால் என்ன? பகா எண் என்றால் என்ன?

பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் புளியங்கொட்டையில் 12 எடுத்துத் தரையில் வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ஒரே வரிசையில் 12 வைக்கலாம். இரண்டு வரிசையில் ஆறாறாக வைக்கலாம். மூன்று வரிசையில் நந்நான்காக வைக்கலாம். ஐந்து வரிசை போட்டால் இரண்டு கொட்டை மிஞ்சிவிடும். மிச்சமில்லாமல் அமைகிற வரிசைகளின் எண்ணிக்கை 1, 2, 3, 4, 6, 12. இவை ஆறும் 12-இன் காரணிகள்.

இப்போது இன்னொரு கொட்டையைச் சேர்த்து 13 ஆக்குங்கள். எப்படி அடுக்கினாலும் நீளமான ஒற்றை வரிசைதான் வரும், செவ்வகம் வராது. 1, 13 என்ற இரண்டே காரணிகள். இப்படிச் சரியாக இரண்டு காரணிகள் மட்டும் உள்ள எண்தான் பகா எண். இரண்டுக்கு மேல் இருந்தால் பகு எண். பகுக்க முடியாதது பகா எண் என்று பெயரிலேயே பொருள் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் இவற்றை முதன்மை எண், சேர்த்தி எண் என்பார்கள்.

1 பகா எண்ணா?

இல்லை. அதற்கு ஒரே ஒரு காரணிதான், அதுவும் அதுவேதான். ஆனால் வரையறையை மட்டும் சொன்னால் பிள்ளைகளுக்கு நிறைவு வருவதில்லை. "ஏன் சார் அப்படி வரையறுத்தார்கள்?" என்று கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

1-ஐ விடப் பெரிய எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். 12 என்றால் 2×2×3. வரிசையை மாற்றலாமே தவிர, வேறு பகா எண்களைக் கொண்டு 12-ஐ உருவாக்கவே முடியாது. 1-ஐப் பகா எண்ணாகச் சேர்த்துவிட்டால் 1×2×2×3, 1×1×2×2×3 என்று முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகலாம். அந்த 'ஒரே விதம்' போய்விடும். கீழே நாம் காரணிகளை எண்ணப் போவதே அந்த ஒரே விதத்தை நம்பித்தான். நூறு ஆண்டுகளுக்கு முன்பு வரை 1-ஐயும் பகா எண் பட்டியலில் சேர்த்து எழுதிய கணித அறிஞர்கள் உண்டு. பிறகுதான் இது உறுதியாக வெளியே வைக்கப்பட்டது.

2 இரட்டை எண்தானே, அது எப்படிப் பகா எண்?

அதற்கு 1, 2 என்று இரண்டே காரணிகள். அவ்வளவு போதும். அதற்கு மேல் உள்ள இரட்டை எண்கள் எல்லாவற்றுக்கும் 2 கூடுதல் காரணியாகிவிடுகிறது. அதனால் இரட்டைப்படைப் பகா எண் இது ஒன்றுதான்.

ஓர் எண் பகா எண்ணா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பாருங்கள். எதுவரை வகுக்க வேண்டும் என்பதில்தான் பலருக்கும் நேரம் வீணாகிறது. வர்க்கமூலம் வரை போதும். காரணிகள் எப்போதும் சோடியாக வரும்: 12-க்கு 1×12, 2×6, 3×4. சோடியில் இரண்டுமே வர்க்கமூலத்தை விடப் பெரியதாக இருந்தால் பெருக்குத்தொகை அந்த எண்ணைத் தாண்டிவிடும். ஆக, பெரிய காரணி ஒன்று இருந்தால் அதன் சோடியான சின்னக் காரணி முன்பே கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

211-ஐ எடுத்துக்கொள்வோம். 15×15 = 225, அதனால் 2, 3, 5, 7, 11, 13 மட்டும் பார்த்தால் போதும். ஆறில் ஒன்றும் வகுக்கவில்லை. 211 பகா எண். பக்கத்திலேயே 221 இருக்கிறது. பார்க்க அதுவும் பகா எண் போலத்தான் இருக்கும். ஆனால் 13×17 = 221.

நூறுக்குள் நம்மை ஏமாற்றும் எண்கள் நான்கு: 51, 57, 87, 91. முதல் மூன்றும் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தாலே மூன்றால் வகுபடும் என்று தெரிந்துவிடும். 91 மட்டும் 7×13. இதை மனப்பாடமே செய்துகொள்ளலாம், தேர்வில் அடிக்கடி வரும்.

100 வரை பட்டியல் போட எளிய வழி உண்டா?

சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரடோஸ்தனிஸ் சொன்ன சல்லடை முறையே போதும். 2 முதல் 100 வரை எழுதிக்கொண்டு, 2-ஐ விட்டுவிட்டு அதன் மடங்குகளை அடியுங்கள். அப்புறம் 3, 5, 7. ஏழோடு நிறுத்திவிடலாம், ஏனென்றால் அடுத்த பகா எண்ணான 11-இன் வர்க்கம் 121, அது நூறைத் தாண்டிவிட்டது. அடிபடாமல் நிற்பவை இந்த 25:

2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71, 73, 79, 83, 89, 97.

ஓர் எண்ணுக்கு எத்தனை காரணிகள் என்பதைப் பட்டியல் போடாமலே சொல்ல முடியுமா?

முடியும். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

நான் பள்ளியில் படித்தபோது 360-இன் காரணிகள் எத்தனை என்று தேர்வில் கேட்டார்கள். ஒவ்வொன்றாக எழுதி, இரண்டு முறை சரிபார்த்து, 22 என்று விடை எழுதினேன். சரியான விடை 24. எந்தச் சோடியை விட்டேன் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த நாள் ஆசிரியர் கரும்பலகையில் மூன்று வரியில் அதைப் போட்டுக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது மனப்பாடச் சூத்திரம் இல்லை, எண்ணின் உள்ளே இருக்கிற அமைப்பு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சின்ன எண்ணில் தொடங்குவோம். 72 = 2×2×2×3×3, அதாவது 2³×3². இதன் காரணி ஒன்றைச் செய்ய வேண்டும் என்றால் நம் கையில் இருக்கும் சரக்கு மூன்று 2-உம் இரண்டு 3-உம் மட்டுமே. வெளியிலிருந்து 5-ஐயோ 7-ஐயோ கொண்டுவர முடியாது. எத்தனை 2 எடுப்பது? ஒன்றும் எடுக்காமல் விடலாம், ஒன்று, இரண்டு, அல்லது மூன்று எடுக்கலாம், நான்கு வழி. எத்தனை 3 எடுப்பது? பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று வழி. இரண்டையும் சேர்த்தால் இப்படி வரும்:

3 எடுக்காதபோது: 1, 2, 4, 8
ஒரு 3 எடுத்தால்: 3, 6, 12, 24
இரண்டு 3 எடுத்தால்: 9, 18, 36, 72

நான்கு நெடுவரிசை, மூன்று கிடைவரிசை, மொத்தம் 12 காரணிகள். ஒன்றும் விடுபடவில்லை. ஒன்றும் இரண்டு முறை வரவில்லை, ஏனென்றால் பகாக் காரணிகளாக எழுதும் விதம் ஒன்றே ஒன்றுதான்.

ஆக, செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எண்ணைப் பகாக் காரணிப்படுத்துங்கள், ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டுங்கள், கிடைத்தவற்றைப் பெருக்குங்கள். 360 = 2³×3²×5. அடுக்குகள் 3, 2, 1. ஒன்று கூட்டினால் 4, 3, 2. பெருக்கினால் 24.

எதற்காக அந்த 1-ஐக் கூட்டுகிறோம்?

'ஒன்றும் எடுக்காமல் விடுவது' என்பதும் ஒரு வழி என்பதற்காக. இதை மறந்துவிட்டு 3×2×1 = 6 என்று எழுதுகிற பிள்ளைகள் நிறைய. அவர்களிடம் நான் கேட்பது: "அப்படியானால் 5 ஏன் 360-இன் காரணி?" அதில் 2-உம் இல்லை, 3-உம் இல்லை. இரண்டையும் எடுக்காமல் விட்டதால்தான் 5 கிடைத்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டால் கிடைப்பது 1. இதைச் சொன்னதும் முகம் தெளியும்.

ஒற்றைப்படைக் காரணிகள் எத்தனை, இரட்டைப்படை எத்தனை என்றும் கேட்கிறார்களே?

அதே சரக்குக் கணக்குதான். 360-இல் ஒற்றைப்படைக் காரணி வேண்டுமென்றால் 2-ஐத் தொடக்கூடாது. 3-க்கு மூன்று வழி, 5-க்கு இரண்டு வழி, மொத்தம் 6. மீதி 18 இரட்டைப்படை. ஐந்தால் வகுபடும் காரணிகள் எத்தனை? 5-ஐக் கட்டாயம் எடுக்க வேண்டும், அதற்கு ஒரே வழி; 4×3×1 = 12. முழு வர்க்கமாக இருக்கும் காரணிகள்? 2-ஐப் பூச்சியம் அல்லது இரண்டு, 3-ஐப் பூச்சியம் அல்லது இரண்டு, 5-ஐ எடுக்கவே கூடாது: 2×2×1 = 4. அவை 1, 4, 9, 36. தனித்தனிச் சூத்திரங்களை மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரே ஒரு எண்ணம்தான் இத்தனைக்கும் பதில் சொல்கிறது.

சில எண்களுக்கு மட்டும் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வருகிறதே, ஏன்?

சோடி சோடியாக வருவதால் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும். சோடியில் இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் மட்டும் அது குலையும். 36-இல் 6×6 அப்படி. எனவே முழு வர்க்க எண்களுக்கு மட்டுமே ஒற்றைப்படை எண்ணிக்கை. 36-க்கு 9 காரணிகள்.

இதை வைத்து ஒரு பழைய புதிர் உண்டு. அணைந்த 100 விளக்குகள் வரிசையாக இருக்கின்றன, 100 பேர் வருகிறார்கள். முதல் ஆள் எல்லா விளக்கின் பொத்தானையும் தட்டுகிறார். இரண்டாம் ஆள் 2, 4, 6 என்று, மூன்றாம் ஆள் 3, 6, 9 என்று, இப்படியே நூறாவது ஆள் வரை. கடைசியில் எரிவது எவை? ஒரு விளக்கை அதன் காரணிகள் எத்தனையோ அத்தனை முறை தட்டியிருப்பார்கள். ஒற்றைப்படை முறை தட்டியது மட்டும் எரியும். 1, 4, 9, 16, 25, 36, 49, 64, 81, 100 ஆகிய பத்து விளக்குகள்.

எண் பெரிதாகப் பெரிதாகக் காரணிகளும் கூடுமா?

அப்படி எந்த ஒழுங்கும் இல்லை. ஆண்டுகளையே பாருங்கள். 2025 = 3⁴×5², 15 காரணிகள். 2026 = 2×1013, நான்கே காரணிகள். 2027 பகா எண், இரண்டு. 2028 = 2²×3×13², 18 காரணிகள். 2029 மறுபடியும் பகா எண். 2027-உம் 2029-உம் போல இரண்டு வித்தியாசத்தில் நிற்பவற்றை இரட்டைப் பகா எண்கள் என்போம். அப்படிப்பட்ட இணைகள் முடிவில்லாமல் வருமா என்பதை இதுவரை யாரும் நிறுவவில்லை.

இத்தனை காரணிகள் உள்ள மிகச் சிறிய எண் எது என்று கேட்டால்?

பின்னாலிருந்து வாருங்கள். 12 காரணிகள் வேண்டும். 12-ஐப் பெருக்கலாக எழுதும் வழிகள்: 12, 6×2, 4×3, 3×2×2. ஒவ்வொன்றிலும் 1 குறைத்து அடுக்காக்கி, பெரிய அடுக்கைச் சிறிய பகா எண்ணுக்குக் கொடுங்கள். 2¹¹ = 2048, 2⁵×3 = 96, 2³×3² = 72, 2²×3×5 = 60. விடை 60. ஏழு காரணிகள் வேண்டுமென்றால் 7 பகா எண், ஒரே வழிதான்: 2⁶ = 64. நூறுக்குள் 12-க்கு மேல் காரணி உள்ள எண்ணே கிடையாது. 12 உள்ளவை 60, 72, 84, 90, 96.

ராமானுஜனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடியாகவே உண்டு. ராமானுஜன் என்றதும், இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய 1729 மட்டும் பேசப்படுவதில் எனக்கு ஒரு குறை. காரணிகளை எண்ணுவதைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு அதைவிட மிகப் பெரியது.

சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர் 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் நீண்ட கட்டுரை ஒன்று வெளியானது. தனக்கு முன்னால் உள்ள எந்த எண்ணையும் விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் எவை என்பதே அதன் பொருள். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று தொடங்கும் இந்த வரிசையை மிகு பகு எண்கள் எனலாம். பகா எண்ணுக்கு நேர் எதிர்க் கோடியில் நிற்பவை இவை. 1916-இல் இந்த ஆய்வுக்காகத்தான் அவருக்குப் பட்டம் கிடைத்தது, கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரிப் படிப்பை முடிக்க முடியாமல் போன அதே மனிதருக்கு.

அவர் கண்ட முதல் படியை நாமே சரிபார்க்கலாம். 18 = 2×3², காரணிகள் 6. அடுக்குகளை இடம் மாற்றினால் 2²×3 = 12; அதற்கும் 6 காரணிகள், ஆனால் எண் சிறியது. ஆகவே மிகு பகு எண்ணில் 2-இன் அடுக்கு 3-இன் அடுக்குக்குக் குறையாது, 3-இன் அடுக்கு 5-இன் அடுக்குக்குக் குறையாது, இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடாது. இதோடு நிற்காமல், 4, 36 என்ற இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 மட்டுமே என்பதையும் நிறுவினார். பட்டியலை 67,46,32,83,88,800 வரை கொண்டுபோனார். அதற்கு 10,080 காரணிகள். கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட பட்டியலில் விடுபட்டது ஒரே ஒரு எண்: 2,93,31,86,25,600. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள், அவர் பட்டியலின் கடைசி எண் வரும்.

1729-ஐயும் விட்டுவிட வேண்டாம்: 7×13×19, எட்டுக் காரணிகள்.

அன்றாட வாழ்வில் அதிகக் காரணி உள்ள எண்ணால் என்ன பயன்?

மீதமில்லாமல் பங்கு போடலாம். நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகவும், ஒரு நாழிகையை 60 விநாழிகையாகவும் பிரித்தார்கள். 60-ஐ 2, 3, 4, 5, 6 எல்லாவற்றாலும் வகுக்கலாம்.

பழைய காசுக் கணக்கு இன்னும் நல்ல உதாரணம். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. 192 = 2⁶×3, காரணிகள் 14. ஒரு ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 64 தம்பிடி, சுத்தமாக முடிந்துவிடும். 1957 ஏப்ரல் 1 முதல் 100 காசு வந்தது. 100 = 2²×5², காரணிகள் 9. மூன்று பேருக்குப் பிரித்தால் ஒரு காசு மிஞ்சும். எழுதிக் கணக்குப் போட நூறு எளிது. பங்கு போட 192-தான் உயர்த்தி.

தமிழ்ப் பின்னங்களில் மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. 320 = 2⁶×5. அதற்கும் 14 காரணிகள், ஆனால் 3 அதில் இல்லை. அதனால் முந்திரிகளை எப்படிக் கூட்டினாலும் சரியாக மூன்றில் ஒரு பங்கைச் சொல்ல முடியாது. ஒரு அளவை எதையெல்லாம் சமமாகப் பிரிக்கும் என்பதை அதன் பகாக் காரணிகளே தீர்மானிக்கின்றன.

பகா எண்கள் எங்காவது முடிந்துவிடுமா?

முடியாது. 2,300 ஆண்டுகளுக்கு முன்பே யூக்ளிட் இதை நிறுவிவிட்டார். உங்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் உள்ளவை மட்டுமே பகா எண்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் பெருக்கி 1 கூட்டுங்கள். வரும் எண்ணைப் பட்டியலில் உள்ள எதனால் வகுத்தாலும் 1 மிஞ்சும். எனவே அதன் பகாக் காரணி பட்டியலுக்கு வெளியேதான் இருக்க முடியும்.

இங்கே ஒரு தவறான புரிதல் பரவலாக இருக்கிறது. அந்தப் புதிய எண்ணே பகா எண் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. 2×3×5×7×11×13 + 1 = 30031. இது 59×509. பட்டியலில் இல்லாத இரண்டு பகா எண்கள் கிடைத்தன, அதுதான் முக்கியம்.

2024 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட மிகப் பெரிய பகா எண், 2-ஐ 13,62,79,841 முறை பெருக்கி 1-ஐக் கழித்தால் கிடைப்பது. அதில் நான்கு கோடியே பத்து லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள்.

பகா எண்களை மட்டும் தரும் ஒரு வடிவம் கண்டுபிடித்தேன், அது எப்போதும் வேலை செய்யுமா?

31, 331, 3331, 33331, 333331, 3333331, 33333331. ஏழும் பகா எண்கள். எட்டாவது 333333331 = 17×19607843. ஏழு முறை நடந்ததால் எட்டாம் முறையும் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தேடுவதை விட்டுவிடாதீர்கள், தேடும்போது எண்கள் நெருக்கமாகப் பழகிவிடும்.

பெரிய எண்ணின் காரணிகளைக் கணினி உடனே சொல்லிவிடாதா?

பகா எண்ணா இல்லையா என்பதை விரைவாகச் சொல்லிவிடும். எந்த எண்ணுக்கும் பிழையின்றி, நியாயமான நேரத்துக்குள் இதைச் சொல்லும் முறையை 2002-இல் ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வாலும், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் கண்டுபிடித்தார்கள். ஆனால் 'பகு எண்' என்று தெரிந்த பிறகும் அதன் காரணிகள் எவை என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. சில நூறு இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்களைப் பெருக்குவது நொடியில் முடியும். பெருக்குத்தொகையை மட்டும் கொடுத்தால் பிரிக்க இன்றைய கணினிகளால் ஆவதில்லை. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் உருவாக்கிய ஆர்எஸ்ஏ பூட்டு, அதாவது செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் முறை, இந்தக் கடினத்தை நம்பியே நிற்கிறது.

1 முதல் 100 வரை உள்ள எல்லா எண்களின் காரணிகளையும் எண்ணினால் மொத்தம் எத்தனை?

ஒவ்வொரு எண்ணாகப் போனால் பொழுது சாய்ந்துவிடும். திருப்பிக் கேளுங்கள்: 1 எத்தனை எண்களுக்குக் காரணி? நூறுக்கும். 2 எத்தனை எண்களுக்கு? 50. 3 என்றால் 33, 4 என்றால் 25, 5 என்றால் 20. இப்படியே 100-ஐ வகுத்து மீதியை விட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு வாருங்கள். 51-லிருந்து 100 வரை ஒவ்வொன்றும் தனக்கு மட்டுமே காரணி, அங்கே ஐம்பது ஒன்றுகள். மொத்தம் 482. சராசரியாக ஓர் எண்ணுக்கு ஐந்து காரணிகூட இல்லை. போன வாரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதைத் தானாகவே 200 வரை போட்டுக்கொண்டு வந்து காட்டினாள்.